பின் கண்ணாடியில் யுகேந்திரன்

பிளேடை வச்சுச் சுரண்டுனான் தாயி. என் புள்ள முகத்த. வேன் பின்னாடிக் கண்ணாடியில ஒட்டியிருந்த போட்டோவத்தான் சொல்லுறேன். போலீஸ் ஸ்டேசன் வாசல்ல வண்டிய நிப்பாட்டி, போறவன் வாறவன் எல்லாம் வேடிக்க பாக்க, நெத்தியில ஆரம்பிச்சு தாடை வரைக்கும் சுரண்டி எடுத்தான். வண்டி செக் பண்ண வந்த ஆபீசராம். அந்தாளு வீட்டுல புள்ளகுட்டி இருக்குமா இருக்காதா? நீயே சொல்லு.

நீ எங்க இறங்கணும்? தென்காசியா? அப்ப உனக்கு நேரம் கிடக்கு. நான் புளியங்குடி. இப்பத்தான சேத்தூரு தாண்டுது. அந்தப் பைய இப்படிக் குடு, மடியில வச்சுக்கிடுதேன். அட, குடு தாயி, என் மடி சும்மாதான கிடக்கு.

புளியங்குடியில கனகான்னு ஒருத்தி இருக்கா. ராஜபாளையத்துல எங்க வீட்டுக்கு எதுத்த வீட்டுல குடியிருந்தவ. இப்பப் புள்ளையத் தூக்கிக்கிட்டு அவ ஆத்தா வீட்டுக்கு வந்துட்டா. அவளப் பாத்து ஒரு விசயம் சொல்லணும். ஆறு மாசமா சொல்லல. சொன்னேன்னா அதோட அவ என் மூஞ்சியில முழிக்க மாட்டா. சொல்லலைன்னா எனக்குச் சோறு இறங்கல. ரெண்டு தடவ இதே மாதிரி பஸ் ஏறி, சிவகிரியில இறங்கித் திரும்பிப் போயிட்டேன். இன்னைக்கு எப்படியும் போயிரணும்.

சரி, அது கிடக்கட்டும். அந்த ஆபீசர் கதைக்கு வாரேன்.

எங்க வீட்டுக்காரர் பேரு பவுன்ராஜ். பேரச் சொல்லக் கூடாதும்பாக, இந்தக் காலத்துல யாரு பாக்கா. சொந்த வேன். பள்ளிக்கூடத்துப் புள்ளைகள ஏத்தி இறக்குவாக. லீவு நாள்ல குற்றாலம், இருக்கன்குடின்னு வாடகைக்குப் போவும். பதினெட்டு வருசமா ஓட்டுறாக, ஒரு கோழிக்குஞ்சு மேல கூட ஏத்தினது கிடையாது. இத நீ எழுதியே வச்சுக்கலாம்.

எங்களுக்கு ஒத்தப் புள்ள. யுகேந்திரன். யுகின்னு கூப்புடுவோம். ஒம்பதாவது படிச்சான். போன ஐப்பசி அடமழையில காய்ச்சல் வந்துச்சு. மூணு நாள்தான். ஆஸ்பத்திரிக்கு வேன்ல உக்காந்து போனான், வேன்ல படுத்து வந்தான். அதுக்கு மேல என்கிட்டக் கேக்காத.

முப்பதாம் நாள் கும்புட்டு முடிஞ்சதும் நான்தான் சொன்னேன், வேன்ல புள்ள போட்டோவ ஒட்டுவோம்னு. எத்தன வண்டியில ஒட்டியிருக்கான், பாத்திருப்ப. அவுக சொன்னாக, "சைடுல ஒட்டுவோம், சின்னதா." எனக்கு வந்துச்சே கோவம். சின்னதா ஒட்ட அவன் என்ன பீடி விளம்பரமா? ரோட்டுல பின்னாடி வாறவன் எல்லாம் என் புள்ளையப் பாத்துக்கிட்டே வரணும்னேன். பின்னாடிக் கண்ணாடி முழுக்க ஒட்டணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். அவுக சரின்னுட்டாக. எப்பவும் எதுத்துப் பேச மாட்டாக.

ஸ்டிக்கர் கடைக்கு நானும் போனேன். அந்தக் கடைக்காரன் நல்ல மனுசன், குத்தம் சொல்லக் கூடாது. "அக்கா, பின்னாடிக் கண்ணாடிக்குன்னு துளை போட்ட ஸ்டிக்கர் இருக்கு, வெளிய இருந்து பாத்தா படம் தெரியும், உள்ள இருந்து பாத்தா ரோடு தெரியும், டிரைவருக்கு அதான் நல்லது"ன்னு சொல்லி, ஒரு துண்டு எடுத்துக் காட்டினான். யாரோ ஒரு தலைவர் முகம். கிட்டப் போய்ப் பாத்தேன். கண்ணு, கன்னம், உதடு எல்லாம் ஊசி குத்துனாப்புல ஓட்ட ஓட்டயா இருக்கு.

ஆஸ்பத்திரியில என் புள்ளைக்கு ரெண்டு கையிலயும் குத்தாத இடம் இல்ல தாயி. நரம்பு கிடைக்கல நரம்பு கிடைக்கலன்னு குத்திக்கிட்டே இருந்தாளுக. கடைசியில கால்ல குத்துனாளுக. நான் கடைக்காரன்கிட்டச் சொல்லிட்டேன், "எய்யா, இனி ஒரு ஓட்ட என் புள்ள மேல விழக் கூடாது. மொத்தமா, பளிச்சுன்னு, மூஞ்சி நல்லா விழுற மாதிரிப் போடு." அவன் எங்க வீட்டுக்காரர் மூஞ்சியப் பாத்தான். அவுக, "அவ சொல்லுற மாதிரியே போட்டுரு தம்பி"ன்னுட்டாக.

தோற்றம், மறைவு தேதி போடவான்னு கேட்டான். பேரு மட்டும் போதும்னேன். அதனால என்னாச்சு, பாக்குறவனுக்கு ஒண்ணும் வெளங்கல. பெட்ரோல் போடுற பையன் ஒருநாள் கேட்டுருக்கான், "யாரு அண்ணாச்சி, கபடியில ஜெயிச்ச புள்ளையா?" அவுக ஆமான்னு சொல்லிட்டு வந்திருக்காக. வீட்டுல வந்து எங்கிட்டச் சொல்லும்போது சிரிச்சாக. நானும் சிரிச்சேன். புள்ள போனதுக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் சிரிச்சது அன்னைக்குத்தான்.

எங்க தெரு முட்டுச்சந்து. வேன உள்ள விட்டாத் திருப்ப முடியாது, காலையில பின்னாடியேதான் எடுத்து மெயின் ரோட்டுக்குப் போகணும். முன்னையெல்லாம் அவுக தலையத் திருப்பி, கண்ணாடி வழியாப் பாத்து, ஒத்தக் கையில எடுத்துருவாக. ஸ்டிக்கர் ஒட்டுன பொறவு திரும்பிப் பாத்தா ஒண்ணும் தெரியல. சைடு கண்ணாடியப் பாத்து எடுக்கலாம்னா, இடது பக்கத்துது ஒண்ணு பால்காரன் வண்டி உரசி எப்பவோ போயிருச்சு. வெறும் கம்பி மட்டும் நிக்கும், அதுல சைக்கிள் டியூபச் சுத்தி வச்சிருந்தாக. புதுசு மாட்டணும் மாட்டணும்பாக. நாளைக்கு நாளைக்குன்னு போயிருச்சு.

அதனால தினமும் காலையில நான் பின்னாடி போய் நிப்பேன். "வா, வா, வா, இன்னும் வா"ம்பேன். வேன் முதுகுல தட்டிக்கிட்டே வருவேன். எதாவது குறுக்க வந்தா ரெண்டு தட்டு, நின்னுருவாக. எங்க தெருப் பொம்பளைக எல்லாம் கேலி பண்ணுவாளுக, பவுன்ராஜ் அண்ணன் கண்டக்டர் வச்சுட்டாருன்னு. பண்ணட்டுமே. எனக்கு அது ஒரு வேலை. புள்ள முகத்துல கைய வச்சுக்கிட்டே தெரு முனை வரைக்கும் நடப்பேன்.

கனகாவுக்கு ஒரு மக, இலக்கியா. அஞ்சு வயசு. வாய்னா வாய் அப்படி ஒரு வாய். என்னய அத்தைம்பா, அவுகள மாமாம்பா, எங்க யுகிய மச்சான்னு கூப்புடுவா. இவன் வெக்கப்பட்டுக்கிட்டு உள்ள ஓடிப்போவான். அவன் போன பொறவு அந்தப் புள்ள தினமும் காலையில அவ வீட்டு நந்தியாவட்டைப் பூவ ஒண்ணு பறிச்சுக்கிட்டு வந்து, வேன் பின்னாடிக் கதவு பிடியில சொருகும். "மச்சானுக்கு"ன்னு சொல்லும். நான்தான் பழக்குனேன். நான்தான் தூக்கிக் காட்டி, மச்சானுக்குப் பூ வையின்னு சொல்லிக் குடுத்தேன்.

வாசுதேவநல்லூரா இது? இல்ல, சிவகிரிதான். ஏறுறவுக ஏறட்டும். நான் இறங்கல. உக்காந்துதான் இருக்கேன், பாத்தியா?

மாசி மாசம் ஒருநாள் ராத்திரி சாப்பிட உக்காந்தப்ப அவுக மெதுவாச் சொன்னாக. "அந்த ஸ்டிக்கர எடுத்துச் சைடுல ஒட்டிருவமா? நேத்து ஸ்கூல் வாசல்ல ஒரு சைக்கிள்காரப் பய மயிரிழையில தப்பிச்சான். பின்னாடி ஒண்ணுமே தெரியல புள்ள." அவுக சொன்னது அவ்வளவுதான். நான் தட்டத் தள்ளிவிட்டு எந்திரிச்சுட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்தன்னைக்கு அவன ஒருக்க இந்த வண்டியிலருந்து இறக்குனீகளே, இப்ப மறுபடியும் இறக்கணுமான்னு கேட்டேன். கேக்கக் கூடாததெல்லாம் கேட்டேன். உங்களுக்கு மறந்துபோச்சு, எனக்கு மறக்கலன்னு கேட்டேன். அவுக கையக் கழுவிட்டு வெளிய போய் வேன்லயே படுத்துக்கிட்டாக.

மறுநாள் காலையில நான் பின்னாடி நிக்கப் போகல. போகலன்னா போகலதான். கோவம். அடுப்படியில இருந்தேன். அவுக வண்டிய எடுத்துட்டாக. சத்தம் கேட்டுச்சு. முதல்ல வண்டிச் சத்தம் நின்னுச்சு, அப்புறம் கனகா சத்தம்.

பூ சொருக வந்த புள்ள, உசுரு பொழச்சுக்கிடுச்சு. பயப்படாத. தொடை எலும்பு முறிஞ்சுபோச்சு. கம்பி வச்சிருக்காக. இப்ப நடக்குது, ஆனா காலச் சாச்சுச் சாச்சு நடக்குது. வளர வளரச் சரியாகும்ங்கிறாக ஒரு டாக்டர், ஆகாதுங்கிறாக இன்னொரு டாக்டர்.

அதுக்குத்தான் அந்த ஆபீசர் வந்தான். வேனச் சுத்திச் சுத்தி வந்து எழுதினான். பின்னாடிக் கண்ணாடி முழுக்க அடைச்சிருக்கு. இடது பக்கக் கண்ணாடியே இல்ல. முன்னாடிக் கண்ணாடியில மேல ஒரு சாண் அகலத்துக்கு மாரியம்மன் துணைன்னு பட்டை, நடுவுல மணிமாலை தொங்குது. எல்லாத்தையும் எழுதிட்டு, "இந்த மனுசன் எதப் பாத்து வண்டி ஓட்டினாரு?"ன்னு எங்கிட்டக் கேக்கான். எனக்கு வந்துச்சு பாரு. "பதினெட்டு வருசமா ரோட்டப் பாத்துத்தான் ஓட்டுறாக. உங்க ஆபீஸ்ல போன வருசம் சரியா இருக்குன்னு சீல் குத்திக் குடுத்தீகள்ல, அப்ப எங்க போச்சு கண்ணு?"ன்னு கேட்டுட்டேன். "அப்ப இந்தப் போட்டோ இல்லையேம்மா"ன்னான். சொல்லிட்டுத்தான் பிளேடை எடுத்தான். நான் குறுக்க விழுந்து மறிச்சேன். ரெண்டு பொம்பளப் போலீசு என்னைப் பிடிச்சுக்கிட்டாளுக. அவன் சுரண்டுனான். சுருள் சுருளாக் கீழ விழுந்துச்சு. நான் ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கி முந்தியில கட்டிக்கிட்டேன். ஊரே என்னையப் பாத்து உச்சுக் கொட்டுச்சு. அன்னைக்கு அந்தப் புள்ள மதுரையில ஆபரேசன் ரூம்ல கிடக்கு. எனக்கு அந்த நெனப்பே இல்ல தாயி. என் புள்ள மூக்கு ரெண்டா வந்துருச்சேன்னு அழுதுக்கிட்டு இருந்தேன்.

அவுக போலீசுல எழுதிக் குடுத்தது ஒரே வரி. நான் பின்னாடி பாக்காம எடுத்துட்டேன், தப்பு என்னுதுதான். கோர்ட்டுலயும் அதையேதான் சொன்னாக. வக்கீலு, இன்னும் ரெண்டு வார்த்த சேத்துச் சொல்லும்யான்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. கேக்கல. அபராதம் போட்டு, லைசென்ஸப் பிடுங்கி வச்சுக்கிட்டாக.

கனகா முன்னையெல்லாம் அவுகள வாய் நிறைய அண்ணே அண்ணேம்பா. தீவாளிக்கு முதல் பலகாரம் அவ அண்ணனுக்குத்தான் வரும். அதுக்கப்புறம் புளியங்குடிக்குப் போற வரைக்கும் அவுகளக் கண்டாக் கீழ துப்புவா. ஒருநாள் தெருவுல வச்சு, "தன் புள்ள போச்சுன்னு ஊரான் புள்ளைய நசுக்க வந்தவன்"னு சொல்லிட்டா. அவுக தலையக் குனிஞ்சுக்கிட்டு வீட்டுக்குள்ள போனவுகதான். இப்ப வாசலுக்கே வாறதில்ல. முடி வெட்டக் கூடப் போறதில்ல, நான்தான் கத்திரிய வச்சு வெட்டி விடுதேன்.

ஆனா எங்கிட்ட மட்டும் அவ அப்படியே இருக்கா. அதான் என்னால தாங்க முடியல. "உங்க மேல எனக்கு என்ன மதினி வருத்தம், புள்ளையப் பறிகுடுத்தவுக நீங்க, அந்த மனுசனுக்குக் கண்ணு பொட்டையாப் போனதுக்கு நீங்க என்ன செய்வீக"ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. ஆஸ்பத்திரியில அவ சோத்துல பாதிய எனக்குக் குடுத்தா. நான் வாங்கித் தின்னேன். தின்னேனே!

மதுரையில வச்சு ஒருநாள், கனகா மருந்து வாங்கக் கீழ போயிருந்தா. நான் புள்ள பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தேன். கால்ல கட்டு. சிரிச்ச முகமாத்தான் இருந்துச்சு. இருந்தாப்புல கேட்டுச்சு. "அத்தை, அன்னைக்கு மாமா கேட்டாங்கள்ல, பின்னாடி யாராச்சும் நிக்காகளான்னு. நீங்க வீட்டுக்குள்ள இருந்து, யாருமில்ல எடுங்கன்னு சொன்னீங்க. நான் நின்னேன்ல அத்தை?"

குத்தமாக் கேக்கல தாயி. உனக்கு இனிப்புப் பிடிக்குமான்னு கேக்கும்ல புள்ளைக, அந்தக் குரல்லதான் கேட்டுச்சு.

ஆமா. நான்தான் சொன்னேன். அடுப்படியில நின்னுக்கிட்டுச் சொன்னேன். அவுக கேட்டாக, கவனமாத்தான் கேட்டாக, இஞ்சின ஓட விட்டுட்டு என் குரலுக்காகக் காத்துக்கிட்டு நின்னாக. ராத்திரி அவ்வளவு பேச்சுப் பேசினவளையும் நம்பித்தான் கேட்டாக. நான் எட்டி வாசலப் பாக்கல. ஒரு எட்டு எடுத்து வச்சாத் தெரிஞ்சிருக்கும். யாருமில்ல, எடுங்கன்னு கத்துனேன், தொலைஞ்சு போங்கங்கிற மாதிரி.

இத அவுக போலீசுலயும் சொல்லல, கோர்ட்டுலயும் சொல்லல, எங்கிட்டக் கூட ஒரு வார்த்த கேக்கல. கோர்ட்டு முடிஞ்சு வந்த அன்னைக்கு நானே கேட்டேன், ஏன் சொல்லல, நான்தான சொன்னேன்னு. அவுக சட்டையக் கழட்டிக்கிட்டே சொன்னாக, "உனக்கு இருக்கிறது போதும் புள்ள. இதையும் உன்னால சுமக்க முடியாது." அவ்வளவுதான். போய்ப் படுத்துக்கிட்டாக.

இதோட நின்னாக் கூட நான் இந்தப் பஸ்ஸுல ஏறியிருக்க மாட்டேன். நான் அவ்வளவு நல்லவ இல்ல. உனக்கென்ன, நாளைக்கு என்னய எங்க பாக்கப் போற, உங்கிட்டச் சொல்லுறதுக்கென்ன. அவுக சுமக்குறாக, சுமக்கட்டும்னு இருந்துருப்பேன்.

அந்தப் புள்ள கேட்டுச்சுல்ல, நான் என்ன சொன்னேன் தெரியுமா? பதறிப்போய் அதோட வாயப் பொத்திட்டேன். "அத்தை அப்படிச் சொல்லவே இல்ல கண்ணு. நான் குளிச்சுக்கிட்டு இருந்தேன். உனக்குக் காதுல என்னமோ தப்பாக் கேட்டிருக்கு. அடிபட்டா அப்படித்தான், இல்லாததெல்லாம் கேக்கும். அம்மாகிட்டச் சொல்லாத, அம்மா பயந்துருவா"ன்னேன். அந்தப் புள்ள என்னையப் பாத்துச்சு. அப்புறம், "சரி அத்தை"ன்னு சொல்லிட்டு ஆரஞ்சு சுளைய வாயில போட்டுக்கிடுச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

வாசுதேவநல்லூர் வந்துருச்சா. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

போன வாரம் கனகா போன் பண்ணினா. வழக்கம்போல, மதினி சாப்பிட்டீகளான்னுதான் ஆரம்பிச்சா. அப்புறம் சொல்லுதா. "மதினி, இலக்கியாவுக்குக் காது சரியில்ல போல. பள்ளிக்கூடத்துல டீச்சர் என்ன கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேங்கிறாளாம். ஏன்டின்னு கேட்டா, எனக்குத் தப்புத் தப்பாக் கேக்கும்மா, இல்லாததெல்லாம் கேக்கும்ங்கிறா. நான் ஒண்ணு சொன்னா, நெசமாவே சொன்னியான்னு மூணு தடவ கேக்கா. யாராவது கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறா. தென்காசிக்குக் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். காதுல மிசின மாட்டி எல்லாம் பாத்துட்டு ஒரு கோளாறும் இல்லங்கிறாரு. நான் நம்பல. அடுத்த வாரம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி, தலைய ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்னு இருக்கேன். கழுத்துல கிடந்தத அடகு வச்சிருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் யாரும் இருக்காகளா மதினி?"

மதினி, மதினி, லைன்ல இருக்கீகளான்னு கேட்டுக்கிட்டே இருந்தா.

நாளைக்கு மதுரைக்குக் கிளம்புதாக. அதுக்கு முன்னாடி நான் போகணும். எத மொதல்ல சொல்ல, எப்படி ஆரம்பிக்கன்னு இன்னும் தெரியல. வாசல்ல வச்சே சொல்லிரணும், அவ வாங்க மதினின்னு உள்ள கூப்பிட்டு ஒரு வாய்த் தண்ணி குடுத்துட்டாக் கூட எனக்கு வாய் வராது. அடிச்சான்னா அடிக்கட்டும். அவுகள அண்ணேன்னு திரும்பக் கூப்புடுவாளோ மாட்டாளோ, அது அவ இஷ்டம்.

பைய வாங்கிக்க தாயி. கண்டக்டர் புளியங்குடி புளியங்குடின்னு கத்துறான். வழி விடுங்கய்யா, இறங்கணும்.

கனகாகிட்டக் கூட அப்புறம்தான் பேசுவேன். மொதல்ல அந்தப் புள்ள முன்னாடி உக்காந்து, அதோட ரெண்டு காதையும் பிடிச்சுக்கிட்டுச் சொல்லணும். நீ கேட்டது சரிதான்டி கண்ணு, அத்தைதான் பொய் சொன்னேன்னு.